முட்டைத் தட்டுக் கணக்கு

“ஏட்டி, கணக்கு போடும்போது எனக்கு ஏன் முட்டை முட்டையா வருது?”

விடுதி மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த இளவேனிலுக்குச் சிரிப்பு வந்தது. “மார்க்கையா சொல்ற?”

“போடி. நெசமாத்தான் கேக்கேன்.” பெனிட்டா கொடியின் மறுபக்கத்திலிருந்து தலையை நீட்டினாள். “இருபத்திநாலைப் பதினேழால பெருக்கணும்னு வையி. ஒடனே கண்ணு முன்னால அட்டைத் தட்டு வருது. முப்பது குழி உள்ள தட்டு. பதினேழு தட்டையும் முழுசா நெறச்சிருதேன். ஐநூத்திப் பத்து. பொறவு ஒவ்வொரு தட்டுலயும் காலியா இருக்க வேண்டிய ஆறு குழியைக் கழிக்கேன். நூத்திரெண்டு போச்சா? நானூத்தி எட்டு. பேனா மூடியத் தொறக்கறதுக்குள்ள விடை வந்து நிக்குது.”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா கூடவே கோழித்தீவன வாசமும் வருதே! எங்க வீட்டுல உப்பளம்தான் உண்டு. கோழிய நான் பிரியாணியில மட்டுந்தான் பாத்திருக்கேன்.”

இளவேனிலின் கையிலிருந்த துப்பட்டா பாதி மடிப்பில் நின்றது.

அந்தக் கணக்கை அவளுக்கு எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. நாமக்கல்லை அடுத்த ஒரு கோழிப்பண்ணையில் அவள் அப்பா முட்டை பொறுக்குகிறார். பண்ணையிலேயே குடியிருப்பு. எண்ணத் தெரியாத வயதிலேயே அவளும் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தவள். கொட்டகையில் யாரும் முட்டையை ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை. தட்டு நிறைந்திருக்கிறதா, எத்தனை குழி காலி, அவ்வளவுதான் பார்வை. அவள் மனம் அதிலேயே வளர்ந்து, பின்னாளில் இயற்பியலையும் வேதியியலையும்கூட அப்படியே பார்க்கப் பழகியிருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்.

“உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்றாள்.

“யாரும் இல்ல. பட்டைதான். வைர வகுப்புக்குப் புதுத் தடம் வந்திருக்குன்னு போன மாசம் மாட்டிவிட்டாவ. உயர்நிலைத் தடமாம். ஏன் உன் மூஞ்சி இப்பிடிப் போகுது?”

நெற்றிப்பட்டைக்கு இரண்டு வேலைகள். ஒருவர் கணக்குப் போடும்போது அவர் மனம் எந்த வழியாகப் போகிறது என்று தடமாகப் பதிந்துகொள்ளும். இன்னொருவர் அதே பட்டையை அணிந்தால், முன்னால் யாரோ விளக்குப் பிடித்துப் போவதுபோல அந்த வழியில் அவரை அழைத்துச் செல்லும். சில வாரங்களில் வழி பழகிவிடும். பிறகு பட்டையே தேவையில்லை. நாடு முழுவதற்கும் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒற்றைத் தேர்வு என்று ஆனபின், பட்டை இல்லாத பயிற்சிப் பள்ளியே இல்லை என்றாகிவிட்டது.

ஆனால் பட்டை, கட்டணம் கட்டிப் படிக்கும் வைர வகுப்புக்கு மட்டும்தான். இளவேனில் கருணை வகுப்பு. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இடம், இலவசச் சாப்பாடு. வைர வகுப்புப் பிள்ளையோடு ஒரு கருணை வகுப்புப் பிள்ளையை ஒரே அறையில் தங்கவைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஒற்றுமைக்காக என்பார்கள். துணி துவைக்க ஒரு ஆள் கிடைக்கும் என்பது அவர்கள் சொல்லாத காரணம். பெனிட்டா முதல் வாரத்திலேயே தன் துணியைத் தானே துவைத்து, சில நாள் இவளுடையதையும் சேர்த்து அலசிப்போட்டவள்.

கருணை வகுப்பில் இளவேனிலுக்கு மட்டும் ஒரு பட்டை இருந்தது. தினமும் மாலையில் வசந்தாமணி மிஸ் அவளைத் தனியே கூப்பிட்டு மாட்டிவிடுவார். “எங்க உனக்குத் தடுக்குதுன்னு பாக்கறதுக்குத்தான் கண்ணு.”

“துணியை நீ எடுத்துட்டு வா,” என்று சொல்லிவிட்டு இளவேனில் படியிறங்கினாள்.

வசந்தாமணி மிஸ் கணக்கு நடத்துபவர். கருணை வகுப்பின் பொறுப்பாளரும் அவர்தான். இளவேனில் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவளைப் பண்ணைக்கே வந்து பார்த்து, “இந்தப் புள்ளையை என்கிட்ட விடுங்க” என்று அப்பாவிடம் கேட்டு அழைத்து வந்தவர். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். மாலைப் பயிற்சிக்குமுன் கோயில் செந்தூரத்தை அவள் நெற்றியில் வைத்து, கண்மூடிக் கும்பிடச் சொல்வார். அதன் பிறகே பட்டை. செந்தூரம் இருந்த அதே இடத்தில் அது வந்து உட்காரும்.

“மிஸ்ஸுங்க, என்ற கணக்கு பெனிட்டாவுக்கு எப்படிங்க போச்சு?”

மிஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பொய் சொல்லவில்லை. அதுவே இளவேனிலுக்கு வலித்தது. ஏதாவது பொய் சொல்லியிருந்தால் அதை நம்பிக்கொண்டு திரும்பியிருப்பாள்.

“உக்காரு கண்ணு. மொதல்ல உன்ற தப்பைப் பாக்கத்தான் பதிஞ்சேன். பாத்தா, அந்த வழியில தப்பே இல்ல. எல்லாரும் ஒண்ணுமில்லாததுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாச் சேர்த்துட்டுப் போறாங்க. நீ நெறஞ்சதுல ஆரம்பிச்சுக் குறையைக் கழிக்கற. நான் இத்தனை வருசத்துல அப்படி ஒரு மனசைப் பாத்ததில்ல. நிர்வாகத்துல காட்டினேன். அவங்க தேர்வு வாரியத்துல பதிவு பண்ணிட்டாங்க.”

“யாரு பேருலீங்க?”

மிஸ் மேசையின் மேலிருந்த சாக்பீஸை எடுத்து இடம் மாற்றி வைத்தார். “பள்ளி பேருல.”

“என்கிட்டக் கேக்கவே இல்லியேங்க.”

“கருணை வகுப்பை இந்த வருசத்தோட மூடிடறதா இருந்தாங்க கண்ணு. உன்ற தடத்தை மத்த பள்ளிங்களுக்கு வித்த காசுலதான் அது நடக்குது. உன்னையாட்டம் எத்தனை புள்ளைங்க மூணு வேளை சாப்பிடுதுன்னு நெனச்சுப் பாரு. நீ குடுத்ததுதானே அது? தர்மம் இல்லியா?”

“குடுத்திருந்தா தர்மந்தானுங்க மிஸ். நான் குடுக்கலியே.”

சமையற்கட்டில் யாரோ பாத்திரம் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. இளவேனிலுக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

“பரீட்சையில நான் என்ற வழியிலயே போட்டா என்னாகுமுங்க?”

மிஸ் தயங்கித் தயங்கி விதியைச் சொன்னார். தேர்வு எழுதுவது கண்ணாடிப் பலகையில். விடை மட்டும் போதாது. எங்கே தொடங்கினோம், எங்கே நின்றோம், எப்படித் திரும்பினோம் என்று எல்லாவற்றையும் பலகை பார்க்கும். பட்டைகள் பெருகியபின் வாரியம் கொண்டுவந்த விதி அது. ஒருவர் பதிவு செய்த வழியை அனுமதி பெறாத இன்னொருவர் பயன்படுத்தினால் திருட்டு. விடைத்தாள் செல்லாது.

“நானே போட்டாலுமுங்களா?”

“பலகைக்கு நீ யாருன்னு தெரியாது கண்ணு. வழி யாருதுன்னுதான் தெரியும்.”

இளவேனிலுக்கு இந்தத் தேர்வு இரண்டாவது முயற்சி. மூன்றாவது யாருக்கும் கிடையாது. அவள் கேட்பது ஒரே ஒரு இடம், கால்நடை மருத்துவத்தில். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது பண்ணையில் நோய் வந்தது. அந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரே மருத்துவர். அவர் வந்துசேர்வதற்குள் ஒரு கொட்டகைக் கோழிகள் முழுவதும் போய், குழி வெட்டிப் புதைத்தார்கள். வெட்டியது அப்பா. அன்று முதல் அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

“இன்னும் நாள் இருக்குதுங்க. வேற வழியில போடப் பழகிக்கட்டுங்களா?”

“வேண்டாம் கண்ணு, குழம்பிப் போயிருவ.” மிஸ் எழுந்து அருகில் வந்து அவள் தலையில் கைவைத்தார். “உன்ற பேரையும் அனுமதியில சேர்த்தறேன். ஆஞ்சநேயர் சாட்சி. நீ எப்பவும்போல உன்ற வழியிலயே எழுது.”

அவள் நம்பினாள். நம்பியது பிழையென்று யாரும் சொல்லக்கூடாது. காய்ச்சலில் கஞ்சி ஊட்டிய கை தலையில் இருக்கும்போது எந்தப் பிள்ளைதான் நம்பாது?

அன்று மாலை பெனிட்டாவிடமும், போனில் அப்பாவிடமும் எல்லாம் சொன்னாள். அப்பா சொன்னார்: “மிஸ்ஸு சாமி மேல சொல்லீட்டாங்கல்ல அம்மிணி? அப்பறம் என்ன, நீ படி.”

தேர்வை அவள் சந்தோஷமாகவே எழுதினாள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு தட்டாக வந்தது. நிறைத்தாள், கழித்தாள். நேரம் மிச்சமிருந்தது. கண்ணாடிப் பலகையை வைத்துவிட்டு வெளியே வந்தபோது பெனிட்டா வாசலில் இரண்டு ஐஸ்குச்சியோடு நின்றாள். “ஏட்டி, உன் முட்டைதான் என்னக் காப்பாத்திச்சு. உங்கப்பாவுக்கு ஒரு கும்புடு போடணும்,” என்றாள். இருவரும் குச்சியில் ஒன்றும் மிஞ்சாமல் தின்றார்கள்.

முடிவு வந்த அன்று இளவேனில் பண்ணையில் இருந்தாள். பெனிட்டாவுக்கு மருத்துவம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண். இளவேனிலின் போனில் மதிப்பெண்ணே இல்லை. ‘உரிமம் இல்லாத வழிமுறை. விடைகள் செல்லாது.’

“செல்லாதுன்னா என்ன அம்மிணி? திருப்பி எழுதோணுமா?” அப்பா கையிலிருந்த தட்டைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“இனி எழுத முடியாதுங்கப்பா.”

மிஸ்ஸுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. அப்பா செய்தார். அதுவும் ஓய்ந்தது. “வேலையா இருப்பாங்க,” என்றார். சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி செய்தார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் முட்டை வண்டி போனபின் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு செய்தார். மிஸ் எடுக்கமாட்டார் என்பது மகளுக்குப் புரிந்த பிறகும் அவருக்குப் புரியவில்லை. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதைப் பார்க்க இளவேனிலால் முடியவில்லை.

கொட்டகையில் அவருக்கு உதவப் போனாள். தட்டை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு அசைந்தது.

“என்ன அம்மிணி, ஒண்ணொண்ணா எண்ற?” என்று அப்பா ஆச்சரியப்பட்டார்.

அவள் நாலாவது முட்டையை எடுத்து வைத்தாள்.

இளவேனில் மேல்முறையீடு செய்தாள். விசாரணை சேலத்தில், வாரியத்தின் மண்டல அலுவலகத்தில். கோழிகளுக்கு விடுமுறை கிடையாது என்பதால் அப்பா வரவில்லை. பெனிட்டாவையும் அழைத்திருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து, தூங்காத கண்ணோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். “என்னையும் திருடின்னு கூப்புட்டிருக்காவ போல,” என்றாள். சிரித்தாள். ஆனால் இளவேனிலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரியின் பெயர் நசீர் அகமது. வயதானவர், மெதுவாகப் பேசினார். எதிரே பள்ளியின் மேலாளர். அவர் பக்கத்தில் வசந்தாமணி மிஸ். இளவேனில் உள்ளே வந்ததும் மிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“மேடம், இந்த வழி இந்தப் பொண்ணோடதுன்னு இவங்க சொல்றாங்க. நீங்கதான் பொறுப்பாசிரியர். என்ன சொல்றீங்க?”

இளவேனில் மிஸ்ஸையே பார்த்தாள். அந்த நிமிடம்கூட அவளுக்கு நம்பிக்கை இருந்தது. மிஸ் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“பள்ளி உருவாக்கின வழிங்க சார்,” என்றார் மிஸ். குரல் தட்டையாக இருந்தது. “இந்தப் பொண்ணு வைர வகுப்புப் பொண்ணோட அறையில தங்கியிருந்தா. பட்டையை எடுத்து மாட்டிப் பாத்திருக்கலாம்.”

“மிஸ்ஸு…” என்றாள் இளவேனில்.

“சார், பொய்யி!” பெனிட்டா எழுந்துவிட்டாள். “என் பட்டைய இவ தொட்டதே கெடையாது. நான் போட்ட கணக்குல கோழித்தீவன வாசம் வருது சார். பள்ளிக்கூடத்துக்காரங்க கணக்கைக் கண்டுபிடிச்சாங்கன்னா தீவனத்தையும் அவங்களா கண்டுபிடிச்சாங்க? கேளுங்க.”

“உக்காரும்மா.” நசீர் அகமது அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீ சொல்றதோட விளைவு உனக்குத் தெரியுமா? இது இவங்களுடையதுன்னு நிரூபணம் ஆச்சுன்னா பள்ளியோட பதிவு ரத்து. அந்த வழியில எழுதின அத்தனை பேர் மார்க்கும் நிக்காமப் போகலாம். உன்னோடதும்.”

பெனிட்டா இளவேனிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “சொன்னது சொன்னதுதான் சார்,” என்று உட்கார்ந்தாள்.

அதிகாரி இளவேனிலுக்கு அலுவலகப் பட்டையை மாட்டச் சொன்னார். “பயப்பட வேணாம். நீங்க கணக்குப் போடுங்க. உங்க வழியும் பதிவான வழியும் ஒத்துப்போனா சந்தேகமே இல்ல.”

திரையில் ஒரு கணக்கு வந்தது. எளிய கணக்குதான். இளவேனில் தட்டை நினைத்தாள். தட்டு வந்தது. ஆனால் நிறையவில்லை. முப்பது குழியும் காலியாகக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தாள். வைக்க வைக்கப் பயம் வந்தது, யாராவது எடுத்துவிடுவார்களோ என்று. விடை சரியாகவே வந்தது. வெகு நேரம் கழித்து.

ஒப்புமை மிகக் குறைவு என்றது கருவி.

அடுத்து பெனிட்டா போட்டாள். மிக அதிகம் என்றது.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நசீர் அகமது கருவியையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வெறும் வயித்துல யாருக்கும் கணக்கு வராது. சாப்ட்டுட்டு வாங்க. மத்தியானம் இன்னொரு தடவை பாக்கலாம்,” என்றார். விதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று மேலாளர் கேட்டார். “சாப்பிடக் கூடாதுன்னும் விதி இல்லை,” என்றார் அதிகாரி.

கேன்டீனுக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். வாங்கிய எலுமிச்சைச் சாதத்தை இளவேனில் பிரிக்கவே இல்லை.

“அது என்னுது இல்ல பெனி,” என்றாள். “கருவி சொல்லிருச்சில்ல. நாந்தான் ஏதோ…”

“கோட்டி மாதிரி பேசாத. நீ சாப்புடு மொதல்ல.” பெனிட்டா பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். “சொல்லு. இருபத்திநாலு, பதினேழு.”

“எனக்கு வராது.”

“எனக்கு வருதுல்லா? நான் சொல்லுதேன், நீ கேளு. மொதல்ல கண்ண மூடு. தட்டை வையி.”

“காலியா இருக்குது.”

“நெறைக்கணும்னா ஒண்ணொண்ணா வைக்கக் கூடாது. அது ஏற்கெனவே நெறஞ்சுதான் இருக்கும். நீ சும்மா பாக்கணும், அவ்வளவுதான். எனக்கு அப்பிடித்தான் வரும்.”

இளவேனில் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள், இல்லை என்பதாக. “நீ ஏன் இதெல்லாம் பண்ற? உன்ற சீட்டு போயிருமே.”

பெனிட்டா ஒரு வாய் சோறு தின்றாள். “போகும். அப்பா ஏசுவாரு. அம்மா அழுவா. ஆனா கேளு, எனக்கும் சின்ன வயசுல ஒரு வழி இருந்துச்சு. மெதுவாத்தான் வரும். தப்புந் தவறுமா வரும். ஆனா என்னுது. இப்ப தேடுதேன், காணல. நான் எந்தக் கணக்கத் தொட்டாலும் உன் கோழிதான் வந்து நிக்குது. உன்னுத உங்கிட்டக் குடுத்தாத்தான் என்னுத நான் தேட முடியும்.”

பிறகு பெனிட்டா திடீரென்று நினைத்துக்கொண்டவள்போலக் கேட்டாள்.

“ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல ஏட்டி. காலிக் குழியக் கழிக்கும்போது உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வரும். நெறஞ்ச தட்டைப் பாக்கும்போது வராது. காலியப் பாக்கும்போதுதான் வரும். இல்லாததப் பாத்து யாராச்சும் சந்தோசப்படுவாங்களா?”

இளவேனில் கண்ணைத் திறந்தாள்.

“உடைசல்,” என்றாள்.

“என்னது?”

“கீறல் விட்ட முட்டையைத் தட்டுல வைக்க மாட்டாங்க. அந்தக் குழியைக் காலியா உட்டுருவாங்க. உடைசல் எல்லாம் குடியிருப்புக்குப் போகும். எங்க வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, அந்த ஒடிசாக்காரங்க வீட்டுக்கு. தட்டுல எத்தனை காலின்னு பாத்தா, அன்னைக்கு எத்தனை புள்ளைங்களுக்கு ஆம்லெட்டுன்னு தெரிஞ்சுக்குவோம்.” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “எனக்கு இது மறந்தே போச்சு பெனி. உனக்கு எப்படி…”

“என்கிட்ட இருக்கே. பட்டையில அதுவும் சேந்து வந்துருக்கு. அவங்களுக்கு அதத் தனியா பிரிச்சு எடுக்கத் தெரியல.”

இளவேனில் மறுபடி கண்ணை மூடினாள். பெனிட்டா தன் பொட்டலத்தை மடித்துவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மதியம் கருவி ஒத்துக்கொண்டது. முதல் கணக்கிலேயே. நசீர் அகமது இன்னும் சில கணக்குகள் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே வழி. பதிவு செய்யப்பட்ட வழியைவிடத் தெளிவாக இருப்பதாகக் கருவி சொன்னது. மேலாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

“நகல் மூலத்தைவிடத் தெளிவா இருக்காது. வழி இவங்களுடையது,” என்று அதிகாரி பதிவு செய்தார். பிறகு இளவேனிலின் பக்கம் திரும்பினார். “உங்க மார்க் உங்களுக்குத் திரும்ப வரும். பள்ளிப் பதிவு ரத்து. இனி ஒரு கேள்வி பாக்கி இருக்கு. உங்க வழியில பல ஆயிரம் பேர் எழுதியிருக்காங்க. உரிமையாளர் நீங்க. நீங்க அனுமதிச்சா அவங்க மார்க் நிக்கும். இல்லேன்னா செல்லாது.”

“அவங்களுக்குத் தெரியுமுங்களா, இது என்னுதுன்னு?”

“தெரியாது.”

“அவங்க நின்னா எனக்கு சீட்டு கிடைக்குமுங்களா?”

அவர் திரையைப் பார்த்தார். “அவங்க இல்லேன்னா நிச்சயம் கிடைக்கும். அவங்க இருந்தா நீங்க காத்திருப்போர் வரிசையில வருவீங்க. யாராவது வேண்டாம்னு விட்டாத்தான். சந்தேகம்தான்மா.”

பெனிட்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை என்று இளவேனிலுக்குத் தெரிந்தது.

அவளுக்கு அந்தப் பல ஆயிரம் பேரைத் தெரியாது. ஆனால் அவர்கள் போனில் வரப்போகும் வார்த்தையைத் தெரியும். அதைப் படித்த அன்று கொட்டகையில் நின்ற அப்பாவின் முகத்தைத் தெரியும்.

“அந்தச் ‘செல்லாது’ங்கற வார்த்தையை நான் யாருக்கும் அனுப்ப மாட்டேனுங்க சார்,” என்றாள். “எல்லாரும் இருக்கட்டுங்க.”

“பள்ளிக்கு?”

“அவங்களுக்கு இல்லீங்க. இனி யாருக்கு வேணுமோ அவங்க சும்மா எடுத்துக்கட்டும். விக்க மட்டும் கூடாதுங்க.”

நசீர் அகமது அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். “இன்ஷா அல்லாஹ், வரிசை நகரும்மா,” என்றார்.

பெனிட்டாவை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நாமக்கல் பஸ் நிற்கும் இடத்துக்கு இளவேனில் வந்தபோது வெயில் இறங்கவில்லை. நிழல் விழும் பெஞ்சு ஒன்றுதான் இருந்தது. அதில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும். முதலில் எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மிஸ் விசாரணையில் சொன்னதை அவரிடம் சொல்வதா என்றும் யோசித்தாள். அவர் நம்பமாட்டார். நம்பவைக்க அவளுக்கும் விருப்பமில்லை.

சாலையைக் கடந்து வசந்தாமணி மிஸ் வந்தார். மேலாளரின் கார் அவரை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டிருந்தது. பெஞ்சுக்குச் சற்றுத் தள்ளி, வெயிலில் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவருக்குத் திடீரென்று வயதாகிவிட்டதுபோல் இருந்தது.

“அனுமதியில உன்ற பேரைச் சேக்கப் போனேன் கண்ணு,” என்றார். “சேத்தா இது யாருன்னு கேப்பாங்கன்னு தடுத்துட்டாங்க. அப்பவே உங்கிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்லல. இன்னைக்கும்…” முந்தானை நுனியை முறுக்கினார். “என்னை மன்னிச்சிரு.”

இளவேனில் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முகத்தைத்தான் அவள் தேர்வு நாள் காலையில் சாமிக்கு அடுத்தபடியாக நினைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம்தான். அப்பா இருந்தால் சொல்லச் சொல்வார். வாய்வரை வந்த சொல் உண்மையாக இல்லை.

“அது எனக்கு இன்னும் வரலீங்க மிஸ்,” என்றாள்.

மிஸ் தலையசைத்தார். அங்கிருந்து நகரவில்லை. பஸ் வர நேரமிருந்தது. வெயில் அவர் தோளிலும் தலையிலும் அடித்துக்கொண்டிருந்தது.

இளவேனில் சாலையைப் பார்த்தபடியே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள்.